பத்து பாகாட்டில் ஒரு பச்சைப் புள்ளி

திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. சிங்கப்பூரையும் ஜொகூர் பாருவையும் இணைக்கும் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். அதைக் கடக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. எலெக்ட்ரான்களை ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் ஓடவிட்டே முப்பது வருஷம் சம்பளம் வாங்கியவன் நான். பஸ்ஸில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்னால் நின்றவரின் முதுகுப்பையில் மூக்கை இடித்துக்கொண்டு அந்தப் பாலத்தில் ஊர்ந்தபோது வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அறுபத்தொரு வயதில் வீட்டில் பேசாமல் கிடக்காமல் இது உனக்குத் தேவையா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

தேவைதான். கூப்பிட்டது ஜமீலா. மலேசியாவில் பத்து பாகாட் என்ற ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். கோலாலம்பூரில் இயற்பியல் படித்துவிட்டு ஜப்பானுக்கு ஆராய்ச்சிக்கு வந்தவள். அங்கே ஒரு துகள் முடுக்கியில் நாங்கள் ஆறு வருஷம் ஒரே குழுவில் வேலை பார்த்தோம். துகள் முடுக்கி என்றதும் மிரள வேண்டாம். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட ஒரு நீளக் குழாய். அதற்குள் எலெக்ட்ரான்களை விரட்டிவிடுகிறோம். அவை சுவரில் முட்டாமல் இருக்க வழிநெடுகக் காந்தங்களை வைத்துத் திருப்புகிறோம். அந்தத் துகள் கூட்டத்தைக் கற்றை என்போம். கற்றை குழாயின் நடுவே போகிறதா என்று பார்ப்பதில் ஜமீலாவை மிஞ்ச ஆள் கிடையாது. அப்புறம் அவள் ஐரோப்பாவுக்குப் போனாள், பெரிய வளைய முடுக்கிகளில் வேலை பார்த்தாள், பேர் எடுத்தாள். ஒரு குழுவுக்கே தலைமைப் பதவி தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்று வருஷத்துக்கு முன் ஊருக்குத் திரும்பிவிட்டாள்.

“எத்தன நாளைக்குண்ணே அடுத்தவங்க மெஷினையே சரி பண்ணிக்கிட்டு இருக்கிறது?” என்றாள் அப்போது தொலைபேசியில்.

சொந்தமாக அவள் கட்டியது ஒரு சின்ன இயந்திரம். ஒரு மருத்துவமனை புற்றுநோய் சிகிச்சைக்கு வைத்திருந்து, பழசாகிவிட்டது என்று கழித்துப்போட்ட முடுக்கியை முறைப்படி அனுமதி வாங்கி எடுத்து வந்து, ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியின் கூடத்தில், தடித்த கான்கிரீட் அறைக்குள் வைத்திருக்கிறாள். ஜொகூர் மாணவர்கள் கைவைத்துப் படிக்க ஒரு முடுக்கி வேண்டும் என்பது அவள் பிடிவாதம். கல்லூரி நிர்வாகக் குழுவின் தலைவருக்கோ பேட்மிண்டன் பிடிவாதம். அந்தக் கூடத்தில் இரண்டு ஆடுகளம் போடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். வியாழக்கிழமை காலை அவர் வரும்போது கற்றை, தான் பட்டால் ஒளிரும் திரைகளில் கடைசித் திரைவரைக்கும் போய்ச் சேராவிட்டால் கூடம் கை மாறும். இயந்திரம் பழைய இரும்புக்குப் போகும். ஜமீலாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. இன்னொரு தடவை முதலிலிருந்து ஆரம்பிக்கிற வயதில்லை.

முற்பகல் பதினொன்றரை. ஜொகூர் பாருவில் என்னைக் கூட்டிப்போகக் காருடன் நின்றவர் சேகரன். ஐம்பது வயது, வாடகைக் கார் ஓட்டுபவர், நரைத்த மீசை.

“பசியாறிட்டீங்களா டாக்டர்?”

“எங்கப்பா! வரிசையிலேயே ஜீவன் போயிட்டு.”

“அலமாக்! இன்னிக்கு பள்ளி லீவு லா, அதான் ஜேம். வாங்க, மொதல்ல சாப்பிட்டுட்டு அப்புறம் போலாம்.”

நம் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் ஒன்று ஒரு வெள்ளி எண்பது காசு. இங்கே ரிங்கிட்டை நம் ஆட்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். மூன்று தின்றேன். மனுஷனாக மாறினேன்.

நெடுஞ்சாலையில் வடக்கே போய், சிம்பாங் ரெங்கத்தில் இறங்கி உள்ளே திரும்பினோம். இரண்டு பக்கமும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டம். கண்ணுக்கு எட்டின தூரம் ஒரே மரம், ஒரே உயரம், ஒரே வரிசை. நேரே பத்து பாகாட்டுக்குப் போனால் நூற்று முப்பது கிலோமீட்டர்தான். நாங்கள் சுற்றிப் போனதற்குக் காரணம் ரெங்கத்தில் இருந்தது. அங்கே ஒரு மோட்டார் காயில் கட்டும் கடையில் ஜமீலா ஒரு காந்தச் சுருள் செய்யக் கொடுத்திருந்தாள். ரெங்கம் சின்ன ஊர். ஒரு கடைத்தெரு, ஒரு ரயில் நிலையம், நடுமத்தியானத் தூக்கம். கடைக்காரர் சுருளைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டு, “இதுல எங்கங்க விசிறி மாட்டுவீங்க?” என்று கேட்டார். விசிறி கிடையாது, இது எலெக்ட்ரானைத் திருப்புகிற காந்தம் என்றேன். “அப்ப காத்து வராதா?” என்று ரொம்ப ஏமாந்துபோனார். பன்னிரண்டு கிலோ செம்பை மடியில் வைத்துக்கொண்டு, குளுவாங், ஆயர் ஹீத்தாம் வழியாகப் பத்து பாகாட் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. தொடை மரத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி. கூடத்துக்குள் நுழைந்ததும் ஜமீலா கட்டிப்பிடிக்காத குறை. தலைமுக்காட்டைக் காதுக்குப் பின்னால் இறுக்கிக்கொண்டு, கையில் ஸ்பானருடன் நின்றாள். இளைத்திருந்தாள். கட்டுப்பாட்டு அறைச் சுவரில் மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் பெரிதாக ஒன்றை எழுதி ஒட்டியிருந்தாள்: “எதைத் தொட்டாலும் சத்தமாகச் சொல்லிவிட்டுத் தொடவும்.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது எங்கள் தொழிலின் முதல் விதி. முடுக்கியில் நூறு திருகு இருக்கும். ஒருவன் ஒன்றைத் திருப்பினால் கற்றை வேறெங்கோ போய் முட்டும். சொல்லாமல் திருப்பினால் மற்றவன் ஒரு வாரம் பைத்தியம் பிடித்து அலைவான். அதனால் ஒரு பொத்தானை அமுக்கினாலும் அறைக்கே கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும், மற்றவர்கள் “சரி” என்று பதில் சொல்ல வேண்டும். ஜப்பானில் இதைச் செய்யாத பையன்களை நான் உண்டு இல்லையென்று பண்ணியிருக்கிறேன்.

புதுச் சுருளைப் பொருத்தினோம். கம்பிகளை ஜமீலாவே இணைத்தாள். குழாயைத் திறந்து ஒரு திரையையும் மாற்ற வேண்டியிருந்ததால் உள்ளே காற்று போய்விட்டது. அதைப் பம்பு வைத்து உறிஞ்சி எடுக்க மறுநாள் காலைவரை ஆகும். அவசரப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. உறிஞ்சுகிற பம்பின் பக்கத்தில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தவளைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. “வீட்டுக்குப் போய்த் தூங்கு” என்றேன். போகவில்லை. நான்தான் கிளம்பினேன்.

பகல் பன்னிரண்டு மணி. சேகரன் காஹாங்கில் இருக்கும் தன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். “சும்மா தான இருக்கீங்க, வாங்களேன்.” தொண்ணூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. குளுவாங் தாண்டியதும் மறுபடி செம்பனை. பழக்குலை ஏற்றிய லாரிகள் முன்னால் ஆடிக்கொண்டே போயின.

“டாக்டர், ஒண்ணு கேக்கலாமா? இந்த மெஷின் மாதிரிதான் என் வீட்டுக்காரிக்கும் வச்சாங்க. மாரில கட்டி. ரேடியேஷன். அவ உள்ள போவா, கதவ மூடுவாங்க, எல்லாரும் வெளிய வந்துருவாங்க. நான் அந்தக் கதவையே பாத்துக்கிட்டு நிப்பேன். உள்ள என்னதான் நடக்குது?”

இந்தக் கேள்விக்கு நான் எத்தனையோ மாநாட்டில் படம் போட்டுப் பதில் சொல்லியிருக்கிறேன். காருக்குள் படம் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத துகள்களை விரட்டி ஒரு உலோகத் தகட்டில் மோதவிட்டால் அதிலிருந்து வலுவான எக்ஸ் கதிர் கிளம்பும், அதைக் கட்டி இருக்கிற இடத்தில் மட்டும் விழுமாறு குறிபார்ப்பார்கள் என்றேன். ஒரு மில்லிமீட்டர் இப்படி அப்படிப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் என்னைப்போன்ற ஆட்களின் பிழைப்பு என்றேன்.

“அப்ப நீங்களும் டாக்டர் ஜமீலாவும் இந்தக் குறிய சரிபண்ற ஆளுங்களா?”

“ஆமா. ஆனா நான் ஒரு நோயாளியைக்கூடப் பாத்தது கிடையாது சேகரன்.”

“இன்னிக்குப் பாத்துருவீங்க லா.”

காஹாங் கடைத்தெருவில் அவர் மனைவி கல்யாணி தன் அக்காவின் சாப்பாட்டுக் கடையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். தலைமுடி மறுபடி அடர்த்தியாக வளர்ந்திருந்தது. “டாக்டரா? சாம்பார் போதுமா, இன்னும் ஊத்தட்டா?” என்று கேட்டுக்கொண்டே பதிலுக்குக் காத்திராமல் ஊற்றினார். சோறும் மீனும் காய்கறியும் ஒன்பது வெள்ளி, வாங்க மறுத்துவிட்டார். என் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று பார்த்துப் பார்த்துப் பூரித்த காலம் உண்டு. கல்யாணி இரண்டாம் தடவை ரசம் ஊற்றியபோது வந்த சந்தோஷம் வேறு. வெட்கமில்லாமல் கண் கலங்கினேன். மிளகாய் என்று சொல்லிச் சமாளித்தேன்.

புதன்கிழமை, காலை பத்து மணி. குழாய்க்குள் காற்று போதுமான அளவு குறைந்துவிட்டது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். அவர் சாவி போட்டால்தான் இயந்திரம் ஓடும். அவர் இல்லாமல் ஒரு நொடிகூட ஓட்டக் கூடாது. எல்லாரும் கான்கிரீட் அறையை விட்டு வெளியே வந்தோம், கதவு மூடியது, மணி அடித்தது. முதல் திரையில் பச்சையாக ஒரு புள்ளி தெரிந்தது. எனக்கு எத்தனை தடவை பார்த்தாலும் அந்தப் பச்சை அலுக்காது.

இரண்டாவது திரையில் ஒன்றும் இல்லை. புள்ளி நடுவிலிருந்து விலகினால் அதை மறுபடி நடுவுக்குத் தள்ள ஜமீலா ஒரு நிரல் எழுதியிருந்தாள். கணினி புள்ளியைப் பார்த்துப் புதுச் சுருளுக்கு மின்சாரத்தைக் கூட்டும், குறைக்கும். புள்ளி கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தது. காந்தம் வலப்பக்கம் தள்ள வேண்டியதற்குப் பதில் இன்னும் இடப்பக்கமே தள்ளியது. புள்ளி ஓடிப்போய்ச் சுவரில் முட்டி அணைந்தது. மறுபடி ஓட்டினோம். மறுபடி முட்டியது. நிரலை நிறுத்திவிட்டுக் கையால் திருப்பிப் பார்த்தோம். இயந்திரம் சூடாகச் சூடாக, பிடித்த இடத்தில் புள்ளி நிற்கவில்லை. நாலு மணிக்கு அதிகாரி சாவியை எடுத்துக்கொண்டு, “நாளைக்கு ஒன்பதரைக்கு வர்றேன்” என்று போய்விட்டார். ஒன்பதரைக்குத்தான் நிர்வாகத் தலைவரும் வருகிறார். ஒத்திகைக்கு வழியே இல்லை.

மாலை ஆறு மணி. ஜமீலாவின் தம்பி ஹமீது நடத்தும் கடையில் உட்கார்ந்தோம். தே தாரிக் என்கிற நுரை பொங்க ஆற்றிய டீ இரண்டு வெள்ளி. ஹமீது எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் முட்டையும் கறியும் அடைத்த முர்தபா கொண்டுவந்து வைத்தார். இரண்டு பேரும் தின்றோம். பாதி முர்தபாவில் எனக்குப் பொறி தட்டியது. அட, திசைதான் தலைகீழ்! நிரலில் ஒரு கழித்தல் குறி போட்டால் தீர்ந்தது. சொல்ல வாயெடுத்தேன். எதிரே ஜமீலா கண்ணுக்குக் கீழே கருவளையத்துடன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிரல் அவள் மூன்று மாதம் எழுதியது. இவ்வளவு சின்னப் பிழை என்று இப்போது முகத்துக்கு நேரே சொன்னால் நொறுங்கிவிடுவாளே என்று தோன்றியது. காலையில் போய் நானே குறியை மாற்றிவிடுவோம், கற்றை போய்ச் சேர்ந்தபிறகு சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்வோம் என்று முடிவு செய்து, முர்தபாவை முடித்தேன்.

வியாழக்கிழமை, காலை ஏழரை. நான் போனபோது ஜமீலா ஏற்கெனவே கான்கிரீட் அறைக்குள் இருந்தாள். நான் கட்டுப்பாட்டு அறையில் கணினியைத் திறந்தேன். ஒரு குறிதான். மாற்றினேன், சேமித்தேன், மூடினேன். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இதையெல்லாம் செய்தேன். ஜமீலா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். முகம் நேற்றைவிடத் தெளிவாக இருந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கியிருப்பாள் என்று நினைத்து மகிழ்ந்தேன்.

ஒன்பதரை. நிர்வாகத் தலைவர் டத்தோ வந்தார். டத்தோ என்பது இங்கே அரசு கொடுக்கும் பட்டம். எல்லாரும் அவரை அப்படியே அழைத்தார்கள். சீனர், எழுபதை நெருங்குபவர், பத்து பாகாட்டில் துணிகளுக்குச் சாயம் போடும் ஆலை வைத்திருக்கிறார். ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசினார். கூடத்தின் கூரையை அண்ணாந்து பார்த்து உயரம் சரியாக இருக்கிறது என்று தலையாட்டினார். இயந்திரத்துக்கு அந்த உயரம் தேவையில்லை, பேட்மிண்டனுக்குத்தான் தேவை.

அதிகாரி சாவி போட்டார். மணி அடித்தது. பச்சைப் புள்ளி வந்தது. ஜமீலா, “நிரலை ஓட விடுறேன்” என்று உரக்கச் சொன்னாள். “சரி” என்றோம். புள்ளி இடப்பக்கம் நகர்ந்தது. இன்னும் நகர்ந்தது. ஓடிப்போய்ச் சுவரில் முட்டி அணைந்தது. நேற்று நடந்த அதே கூத்து, அச்சு அசல்.

“ஹாபிஸ்?” என்றார் டத்தோ. முடிந்ததா என்று அர்த்தம்.

ஜமீலா நிரலை நிறுத்தினாள். திரும்பி என்னைப் பார்த்தாள். “அண்ணே, இப்படி ஆக முடியாதுண்ணே. காலைல நான் கம்பிய மாத்திப் போட்டேனே!”

“என்ன போட்டே?”

“சுருளோட ரெண்டு கம்பியையும் இடம் மாத்தினேன். திசை தலகீழா இருந்துச்சு, நேத்து சாப்பிடும்போதே தெரிஞ்சுபோச்சு. நான் மாட்டுன கம்பி. உங்க முன்னாடி சொல்ல வெக்கமா இருந்துச்சு...”

எனக்குக் காது சூடேறியது. “அடிப்பாவி! நான் நிரல்ல குறிய மாத்திட்டேனே!”

இரண்டு பேரும் சரிசெய்ததில் பிழை பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டது. ஒருத்தர் மட்டும் தொட்டிருந்தால் போதும். அவள் ஒரு நிமிஷம் என்னை முறைத்தாள். பிறகு சுவரிலிருந்த அறிவிப்பைக் காட்டினாள். “சொல்லாமத் தொட்டான்னு அந்த ஜப்பான் பையன அழ வச்சீங்களேண்ணே!”

“நீ எழுதி ஒட்டினியே, அதுவும் மூணு மொழியில!”

அதற்குமேல் முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பாதுகாப்பு அதிகாரி என்ன ஏதென்று புரியாமலேயே சிரித்தார். டத்தோ மட்டும் சிரிக்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்டார். ஜமீலா ஒளிக்காமல் மலாயில் சொன்னாள். நான் சத்தமாக, “குறியைப் பழையபடி மாற்றுகிறேன்” என்றேன். கூடமே அதிர்கிற மாதிரி “சரி” என்றார்கள்.

மறுபடி மணி. புள்ளி வந்தது. இடப்பக்கம் கொஞ்சம் நகர்ந்தது, யாரோ கைபிடித்து இழுத்தாற்போல் நடுவுக்குத் திரும்பியது, அங்கேயே நின்றது. இரண்டாவது திரையில் பச்சை தெரிந்தது. குழாயின் முடிவை மூடியிருந்த மெல்லிய தகட்டுக்கு வெளியே இருந்த கடைசித் திரையிலும் துவரம்பருப்பு அளவில் ஒரு பச்சைப் புள்ளி. ஜமீலா வாயைப் பொத்திக்கொண்டாள். “அல்ஹம்துலில்லாஹ்” என்றது மட்டும் கேட்டது. எனக்கு ஜப்பானிலும் ஜெர்மனியிலும் இதைவிட ஆயிரம் மடங்கு பெரிய இயந்திரங்களில் முதல் கற்றை பார்த்த அனுபவம் உண்டு. அங்கெல்லாம் கைதட்டினோம். இங்கே அழுதோம்.

டத்தோ கடைசித் திரையின் படத்தை உற்றுப் பார்த்தார். இவ்வளவுதானா என்றார். இவ்வளவுதான் என்றாள் ஜமீலா. அவர் சொன்னது இது: “என் ஆலையில் துணியின் நிறம் கெட்டுப்போனால் ஒருவரும் எதையும் தொடவில்லை என்பார்கள். எத்தனையோ வருஷமாக நான் கேட்கிற பதில் அதுதான். நீங்கள் இரண்டு பேரும், நான் தொட்டேன், நான் தொட்டேன் என்று சண்டை போடுகிறீர்கள். மாணவர்கள் இதைக் கற்றுக்கொண்டாலே போதும்.” பிறகு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். சாயம் கலந்த கழிவுத் தண்ணீரின் நிறத்தை இந்த இயந்திரம் எடுக்குமா என்று கேட்டார். வேறு நாடுகளில் செய்திருக்கிறார்கள், ஆனால் இவ்வளவு சின்ன இயந்திரத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைத்தான் சோதித்துப் பார்க்க முடியும், நடக்கும் என்று சத்தியம் பண்ணமாட்டேன் என்றாள் ஜமீலா.

“பாட்டில் அனுப்புகிறேன்,” என்றார். “கூடம் உங்களிடமே இருக்கட்டும். பேட்மிண்டனுக்கு வேறு இடம் பார்க்கிறோம்.”

பிற்பகல் மூன்றரை. ஜொகூர் பாருவுக்குப் போகும் பஸ்ஸுக்காகப் பத்து பாகாட் நிலையத்தில் நின்றேன். டிக்கெட் பதினைந்து வெள்ளி. சேகரன் என் பெட்டியைத் தூக்கி வைத்தார். கல்யாணி கொடுத்ததாக ஒரு பொட்டலம் பொரித்த மீனையும் கையில் திணித்தார். எங்கள் ஊரில் ஒருவரை பஸ் ஏற்ற ஏழு பேர் வருவார்கள், ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டில் கொடுப்பார்கள், வண்டி நகர்ந்தபிறகும் எதையாவது ஞாபகப்படுத்திக் கத்துவார்கள். இங்கே ஜமீலா வரவில்லை. இரண்டு மணிக்கே டத்தோவின் ஆலையிலிருந்து கருநீலத் தண்ணீர் ஒரு பாட்டில் வந்து சேர்ந்துவிட்டது.

“டாக்டர் ஜமீலா மன்னிச்சுக்கச் சொன்னாங்க. மெஷின் ஓடிக்கிட்டு இருக்காம், விட்டுட்டு வர முடியாதாம்,” என்றார் சேகரன் தயங்கித் தயங்கி. நான் வருத்தப்படுவேன் என்று நினைத்திருக்கிறார் பாவம்.

“ஓடுதா?” என்று கேட்டேன்.

“ஓடுது டாக்டர்.”

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.